அம்மா கையில் அப்பாவின் பெயர்

உள்ளங்கையை விரித்து, விரல்களை ஒட்டி வைத்து, வலது கன்னத்தில் ஒரு தட்டு. என் அப்பாவின் பெயர் இதுதான். ரேஷன் கார்டில் வேல்ராஜ் என்று இருக்கும். அது காது கேட்கிறவர்களுக்கு.

பேச்சு வருவதற்கு முன்பே எனக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. பிஞ்சுக் கையால் கன்னத்தில் தட்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பேனாம். அப்பா எங்கே என்று அர்த்தம். அப்பா பூரித்துப்போவார். "ஏலே, எம்மக என்னையக் கூப்புடுற அழகப் பாருங்கடா" என்று பூண்டுக்காட்டில் வேலை செய்பவர்களையெல்லாம் கூட்டிக் காட்டுவார். தன் கன்னம் கொழுகொழுவென்று இருப்பதால்தான் அந்தப் பெயர் என்பது அவருடைய முடிவு. அம்மாவின் சிநேகிதர்கள் எதிர்ப்பட்டால், தானே கன்னத்தில் தட்டித் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். அவர்களும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

அம்மா முருகேஸ்வரி. பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் ஊர் வில்பட்டியில் அந்தப் பெயரால் அம்மாவை அறிந்தவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்கு அவர் ஊமைச்சி. ஊமைச்சி வீடு, ஊமைச்சி மக, ஊமைச்சி வீட்டுப் பூண்டு நல்ல காரம். அப்பா அப்படியும் கூப்பிடுவதில்லை. காலால் தரையை ஓங்கி மிதிப்பார். பலகைத் தரை என்பதால் அதிர்வு போய்ச் சேரும், அம்மா திரும்புவார். திரும்பாவிட்டால் கைக்கு அகப்பட்டது பறக்கும். ஒருமுறை பறந்தது இஸ்திரிப்பெட்டி.

ஆனால் கொடைக்கானலில் தமயந்தி அக்காவின் தையல்கடைக்குள் நுழைந்துவிட்டால் அம்மாவுக்கு வேறு பெயர். ஆள்காட்டி விரலால் நெற்றியோரம் ஒரு சுருள். அடங்காமல் விழும் அந்த முடிக்காகப் பள்ளி விடுதியில் தோழிகள் வைத்தது. தமயந்தி அக்காவுக்கும் காது கேட்காது. பழனியில் பூக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். மலையேறி வந்து தொழில் பழகி, இப்போது காது கேளாதோர் சங்கத்துக்குத் தலைவி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கம் அந்தத் தையல்கடையில்தான் கூடும். அன்று மட்டும் அம்மா வாய் ஓயாமல், இல்லை, கை ஓயாமல் பேசுவார்.

அவர்களுடைய வழக்கம் இது. பெயரை நீங்களே வைத்துக்கொள்ள முடியாது. கேட்டும் வாங்க முடியாது. உங்களோடு பழகி, உங்களிடம் எது கண்ணில் படுகிறதோ அதை எடுத்து அவர்கள்தான் வைப்பார்கள். மச்சம் இருந்தால் மச்சம், தெத்துப்பல் இருந்தால் தெத்துப்பல். நான் பிறந்தபோது கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தேனாம். கண்ணோரம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பட்டென்று விரித்தால், அது நான், மணிமேகலை. வைத்த பிறகு பெயர் வெறும் பெயர்தான். சின்னச்சாமி என்று கூப்பிடும்போது உயரத்தையா அளக்கிறோம்?

கல்யாணமான புதிதில் அம்மா சங்கத்துக்குப் போனபோது புருஷன் எப்படி என்று கேட்டார்களாம். அம்மாவின் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அடுத்த மாதமும் அதே கன்னம். அதற்கடுத்த மாதம், ஓட்டலில் சமையல் வேலை பார்க்கும் பழனிச்சாமி மாமா, வீட்டுக்காரர் சௌக்கியமா என்று கேட்க, தன் கன்னத்தில் அந்த இடத்தைத் தட்டிக் கேட்டார். அவ்வளவுதான், பெயர் விழுந்துவிட்டது.

அப்பா அடிப்பதை நிறுத்தியிருந்தால் பெயர் ஒருவேளை மாறியிருக்கும். அவர் ஏன் நிறுத்துகிறார்?

சென்ற செப்டம்பரில் காது கேளாதோர் தின விழாவுக்குச் சங்கம் ஒரு மண்டபத்தைப் பிடித்தது. சாப்பாட்டுக்கு வேண்டிய கேரட்டும் பீன்ஸும் அப்பாதான் கொடுத்தார். அதனால் முன்வரிசை நாற்காலி. சும்மா வருவாரா? வில்பட்டியிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். நடுவில் நல்லசாமி பெரியப்பா, சுற்றிலும் ஊர்க் கமிட்டிக்காரர்கள்.

மைக் பிடித்தது சந்தோஷ்குமார் என்கிற பையன். பெங்களூர்க்காரன், வட்டக்கானலில் ரூம் எடுத்துத் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கிறவன். காது கேட்கும். சில மாதம் சைகை மொழி கற்றுக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். ஆர்வம்தான் அவனுக்கு அளவுக்கு மீறி இருந்தது.

"ஃப்ரெண்ட்ஸ், இவங்க கல்ச்சர்ல சைன் நேம்னு ஒண்ணு இருக்கு. செம சூப்பர் கான்செப்ட்! யாருக்காவது சைன் நேம் இருந்தா மேடைக்கு வாங்க, ஏன் அந்தப் பேருன்னு நான் சொல்றேன்" என்றான்.

அப்பா எழுந்தார். நான் பின்னால், சாப்பாட்டு இலை அடுக்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை விலக்கி ஓடி வருவதற்குள் அவர் மேடையில் ஏறிவிட்டார். சபையைப் பார்த்து மீசையை ஒதுக்கிவிட்டு, கன்னத்தில் அழகாக ஒரு தட்டுத் தட்டினார். வில்பட்டிக்காரர்கள் விசிலடித்தார்கள்.

சந்தோஷ்குமார், கீழே உட்கார்ந்திருந்த பழனிச்சாமி மாமாவைப் பார்த்து, ஏன் இந்தப் பெயர் என்று கையால் கேட்டான். மாமாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவர்களில் யாருக்குமே அந்தப் பழக்கம் இல்லை. குண்டாகிவிட்டாய் என்றால் குண்டாகிவிட்டாய்தான். கேட்டதற்குப் பதில் சொன்னார். முறையாகப் படித்த மொழிபெயர்ப்பாளர் என்றால் வேல்ராஜ் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பார். பெயரைப் பிரித்துப் போட்டுக் காட்ட மாட்டார். இந்தப் பையனுக்குக் கையில் பார்த்தது அப்படியே வாயில் வந்துவிட்டது.

"இவர் வந்து... வைஃப் கன்னத்துல... அடிக்கடி அறையுறவர்."

மைக்கில் சொன்னான். காது கேட்கிறவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார்கள். நல்லசாமி பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக அம்மாவைத் திரும்பிப் பார்க்க, சிரிப்பு அடங்கியது. அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. மாமாவின் கையைப் பார்த்திருந்ததால் எல்லாம் புரிந்திருந்தது. அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

ஜீப் எங்களை வீட்டில் இறக்கிவிட்டது. அது போனதும் அப்பா அம்மாவின் கொண்டையைப் பிடித்துப் பூண்டு உலர்த்தும் கொட்டகைக்குள் இழுத்துப்போனார். மேலே கட்டுக்கட்டாகப் பூண்டு தொங்கியது. அடித்த அடியில் அம்மா போய் மூங்கிலில் மோத, கட்டுகள் அறுந்து தலையில் விழுந்தன. "எத்தனை வருசம்டீ? எத்தனை வருசமா எல்லாரும் சேந்து என்னையப் பாத்துச் சிரிச்சீக?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். கேட்காத காதிடம் கேட்டார். அதே வலது கன்னம். அம்மாவின் பல் ஒன்று பூண்டோடு பூண்டாகத் தரையில் கிடந்தது. நான் குறுக்கே விழுந்தேன். என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அடித்தார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம் ஆயிற்று.

மூச்சு வாங்கிய பிறகு என்னைப் பார்த்தார்.

"அவகிட்டச் சொல்லு. அடுத்த ஞாயித்துக்கெழம அந்தக் கூட்டம் பூரா இங்க வரணும். சிரிச்சவனுக எல்லாத்தையும் நான் கூப்புடுவேன். அவனுக முன்னாடி எனக்கு வேற பேரு வைக்கணும். இவளும் அந்தப் பேரச் சொல்லணும். இல்ல, அந்தக் கைய ஒடிச்சுப்புடுவேன். பெறகு எந்தப் பேரச் சொல்றான்னு பாக்குறேன்."

"நீங்களே சொல்லுங்க."

"எனக்கு எங்கடீ கை பேசத் தெரியும்? நீ சொல்லு." அம்மாவின் வலது மணிக்கட்டை மிதித்துக்கொண்டு நின்றார். சொல்லும்வரை காலை எடுக்கவில்லை. சொன்னேன். என் அம்மாவின் கையை ஒடிப்பேன் என்று என் கையே அம்மாவிடம் சொன்னது. இன்னமும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. பழக்கம்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். (சைகையில் பேசியதை நான் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். அம்மா கையில் வருகிற கோபம் வில்பட்டிக் கோபம்தான்.)

"போனா ஒரு நாள் உள்ள வைப்பாக. மறுநாள் வந்து நிப்பாரு. கை போனா எனக்கு வாய் போச்சு, சோறும் போச்சு. பேருதான? வச்சுத் தொலையட்டும்."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தையல்கடையில் இறங்கினேன். வட்டக்கானலில் ஒரு காட்டேஜில் எனக்கு வரவேற்பு மேசை வேலை. கிழிந்த உதட்டோடு அங்கே போய் யாரை வரவேற்பது? லீவு சொல்லிவிட்டு தமயந்தி அக்காவின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"பேரைக் கேட்டு வாங்குறதா? எங்கனயாவது உண்டா? நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க, எனக்குச் செவப்புன்னு வையி, அழகுன்னு வையின்னு."

"அம்மா கை போயிரும்க்கா."

அக்காவுக்கு வாதாட நிறைய இருந்தது. கை மேலே எழுந்து அப்படியே நின்றது. அவருக்கும் அந்த ஒரு வாய்தானே இருக்கிறது? கடைசியில் மேலுதட்டின் ஓரத்தில் இரண்டு விரலைச் சேர்த்து முறுக்கிக் காட்டினார்.

"மீசை. சந்தோசப்படுவானா?"

"படுவாரு."

"பொய்ப்பேரு இது. முதத் தடவையா பொய்ப்பேரு வைக்கிறோம்" என்றார். அன்றைக்கு அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். பழனிச்சாமி மாமாவோ, வரவே மாட்டேன் என்று குதித்தார். மைக்கில் போனது தன் கையிலிருந்துதான் என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி. அதனாலேயே கடைசியில் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சுமூட்டம் இறங்கி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சங்கத்துக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அப்பா புது வேட்டி கட்டி, மீசைக்கு எண்ணெய் போட்டு, முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டுத் தோரணைதான். நல்லசாமி பெரியப்பாவும் கமிட்டிக்காரர்களும் ஒரு பக்கம். வடை, டீ. அம்மா வீங்கிய கன்னத்தோடு டீ கொடுத்தார். யாரும் அந்தக் கன்னத்தைப் பார்க்காமல் டம்ளரை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

தமயந்தி அக்கா எழுந்தார். நான் பக்கத்தில் நின்று அவர் கை பேசியதைக் குரலில் சொன்னேன்: "உங்களுக்குப் புதுசாப் பேரு வச்சிருக்கோம்." அக்கா மேலுதட்டில் முறுக்கினார். மற்றவர்களும் முறுக்கினார்கள். மாமாவின் கை எழவில்லை. அக்கா முழங்கையால் இடித்த பிறகு எழுந்தது.

"இதாம்லே பேரு!" என்று அப்பா தொடையைத் தட்டினார். நிஜ மீசையை முறுக்கிக் காட்டினார். கமிட்டிக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. கை தப்பித்தது என்று நினைத்தேன்.

"இப்ப அவளச் சொல்லச் சொல்லு. வெரசா."

அம்மா தட்டைக் கீழே வைத்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். கை எழுந்தது. மார்புவரை வந்தது. அங்கேயே நின்றது. சொல்லத்தான் போனார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சொல்லியிருப்பார்.

அப்பாவுக்கு எங்கே பொறுமை? எழுந்து வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களைத் தானே கூட்டிச் சேர்த்து, அம்மாவின் உதட்டுக்கு மேலே வைத்து முறுக்கினார். "இப்பிடி... இப்பிடிச் சொல்லு. ஆங்!" இன்னொரு முறை முறுக்கினார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

காது கேளாதவரின் கையைப் பிடிப்பது, பேசுகிறவரின் வாய்க்குள் கையை விட்டு நாக்கை ஆட்டுவதற்குச் சமம். சங்கத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அம்மா கையைப் பிடுங்கினார். ஓங்கி, அப்பாவின் வலது கன்னத்தில் அவருடைய பெயரைச் சொன்னார்.

அந்தச் சத்தத்தில் கூரையிலிருந்த காக்கை பறந்தது. அப்பா திகைத்தது ஒரு மூச்சு நேரம்தான். பிறகு அந்தக் கையைப் பிடித்தார், முழங்காலால் அம்மாவின் வயிற்றில் இடித்துச் சுவரோடு சாய்த்தார், ஆள்காட்டி விரலைப் பிடித்துப் புறங்கைப் பக்கமாக வளைத்தார். காய்ந்த மிலார்க் குச்சியை அடுப்புக்கு ஒடிக்கிற சத்தம். அடுத்த விரல். அடுத்தது. அம்மா கத்தினார். சின்ன வயதில் யாரோ கேலி செய்தார்கள் என்று அடக்கி வைத்திருந்த குரல் அது. நானே அதை முழுசாகக் கேட்டதில்லை. மாடு அலறுவதுபோல இருந்தது.

ஊர்க்காரர்கள் எழுந்து பின்னால் நகர்ந்தார்கள். "விடுப்பா வேல்ராசு" என்றார் நல்லசாமி பெரியப்பா, நின்ற இடத்திலிருந்தே. வேறொருவர், "புருசன் பொண்டாட்டி சோலி, நமக்கென்ன" என்றார். டம்ளர் இன்னும் அவர் கையில் இருந்தது.

சுவரோரம் மண்வெட்டி சாய்ந்து நின்றது. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. அதன் பின்பக்கத்தால் அப்பாவின் தோளில் போட்டேன். எலும்பு இறங்கியதைக் கைப்பிடியில் உணர்ந்தேன். அவர் முழங்காலிட்டார். முதுகில் போட்டேன். விழுந்த பிறகும் போட்டேன். திருப்பிப் பிடித்து வெட்டு வாயால் ஓங்கியபோது பழனிச்சாமி மாமா பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தார். இல்லாவிட்டால் கொன்றிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இருந்திருக்காது. தமயந்தி அக்கா அப்பாவின் கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மண்வெட்டியைப் பிடுங்கிய மாமா, அதைத் தூர எறிந்துவிட்டு, தன் பங்குக்கு அப்பாவின் விலாவில் உதைத்தார். மைக் விஷயத்துக்கும் சேர்த்து உதைத்திருப்பார்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு முதலுதவி செய்து, போலீசுக்கும் தகவல் சொல்லி, மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அம்மாவின் விரல்களுக்குக் கம்பி வைத்தார்கள். தமயந்தி அக்கா தினமும் போனில் வீடியோவில் வருவார். வந்ததும் முதலில் அழுவார்.

"அந்தப் பேர ரத்துப் பண்ணிட்டோம்" என்றார் ஒருநாள்.

அம்மா இடது கையால், நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோலப் பதில் சொன்னார்: "அது ஒட்டவே இல்லையேக்கா. எதுக்கு ரத்து?"

"நீ ஏன் சொல்லித் தொலைக்கல? கை தப்பிச்சிருக்குமே."

"சொல்லத்தான் போனேன். அவரே எங்கையப் பிடிச்சுச் சொல்ல வச்சாரு. இத்தனை வருசம் அடிச்சது கன்னத்துல. கை பேசுற பேச்ச அவரு தொட்டதில்ல. இது ஒண்ணுதான் எங்கிட்ட எனக்குன்னு இருந்துச்சு." இடது கை அங்கே தடுமாறி நின்றது. மிச்சத்தை முகத்தால்தான் சொன்னார்.

கட்டுப் பிரித்தபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். நரம்பு எலும்போடு ஒட்டிக்கொண்டது, மூன்று விரலும் இனி மடங்காது, பயிற்சி செய்தால் கொஞ்சம் பலம் வரும், அவ்வளவுதான் என்றார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து வலது கையால் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூண்டு வரவில்லை. டீ வரவில்லை. பஸ் வந்தது, ஆனால் பஸ் மாதிரி இல்லை. என்னைப் பார்த்தார். கண்ணோரம் கையைக் கொண்டுபோனார். விரல்கள் மடங்கிச் சேர்ந்தால்தானே விரிவதற்கு? விறைத்த கை கண்ணோரம் அப்படியே நின்றது. நான் பிறந்த நாளிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்ட பெயர் அந்தக் கையில் இல்லாமல் போயிற்று. வார்டு என்றும் பாராமல் ஓவென்று அழுதேன்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது, மொழிபெயர்க்கத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். நான் மகள், சாட்சியும்கூட என்பதால் மொழிபெயர்க்கக் கூடாது. அப்பா கூண்டில் நின்றார். ஒரு தோள் இறங்கியிருந்தது. கன்னத்தைச் சவரம் செய்து வழவழவென்று வைத்திருந்தார். மீசையில் எண்ணெய் மினுங்கியது. வில்பட்டியிலிருந்து வந்தவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா நடந்ததை இடது கையால் சொன்னார். கட்டுப் போட்ட நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் இடது கைதான். வேகம் இல்லை, குளறலும் இருந்தது. டீச்சர் சில இடங்களில் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். வலது கை மடியில் கிடந்தது.

"உங்க கையை ஒடிச்சது யாரு? பேரச் சொல்லச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

டீச்சர் கேட்டார். அம்மா இடது கையைத் தாழ்த்தினார். மடியில் கிடந்த வலது கை எழுந்தது. மடங்காத விரல்கள் ஒட்டி, நேராக, விறைப்பாக நின்றன. பூண்டு சொல்ல முடியாத கை, டீ சொல்ல முடியாத கை, என்னைக் கூப்பிட முடியாத கை. அந்த விரல்களுக்கு இனி ஒரு பெயரைத்தான் பிசகில்லாமல் சொல்ல வரும். அம்மா அதைச் சொன்னார். கன்னத்தில் பட்ட சத்தம் பின்பெஞ்சுவரை கேட்டது.

"வேல்ராஜ்" என்றார் டீச்சர்.

டீச்சர் வாய் திறப்பதற்கு முன்பே, கூண்டில் நின்ற அப்பா அடி வாங்கியவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.